போன் வழியாகக் கேமராவை இயக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஐந்தருவிப் பாறையோரம் கேமராவை நிறுத்திவிட்டுச் சாரல் படாத இடத்தில் நின்று ஷட்டரை அழுத்த வேண்டும். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்துக்கு எதிரே ஸ்டாண்டை நட்டுவிட்டு ரயில் வரும்வரை ரோட்டோரக் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். செங்கோட்டை மண்டபத்தில் மேடைக்கு மேலே கட்டிய கேமராவுக்கு ஏணி போடாமல் ஃபோகஸ் மாற்ற வேண்டும். தென்காசி வட்டாரத்தில் போனை ரிமோட்டாக வைத்துக்கொள்கிறவர்களின் தேவை பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடும். கோளாறுகளும் அப்படித்தான், சுற்றிச் சுற்றி அதே பத்துப் பதினொன்றுதான் வரும்.

அறிகுறிகளுக்குள் போகும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கேமராவுக்கும் போனுக்கும் நடுவே இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று புளூடூத். மெல்லிய நூல் மாதிரி எப்போதும் கட்டியே இருக்கும், பேட்டரியை அதிகம் தின்னாது, ஆனால் ஷட்டர் கட்டளை, நேரம், இருப்பிடம், மிஞ்சினால் சுருக்கிய படம் போன்ற சின்னச் சரக்குதான் அதில் போகும். இன்னொன்று வைஃபை. இதில் கேமராவே ஒரு சின்ன ரவுட்டராக மாறித் தன் பெயரில் ஒரு வைஃபையைக் கிளப்பும், போன் அதில் போய்ச் சேரும். லைவ் வியூ (கேமரா பார்ப்பதை அப்படியே போன் திரையில் காட்டுவது), பெரிய படம் இறக்குவது, அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு) மாற்றுவது எல்லாம் இந்தப் பாதையில்தான். இந்த வைஃபையில் இணையம் கிடையாது. இணையம் இல்லாத வைஃபையில் தங்கியிருக்க எந்தப் போனுக்கும் பிடிக்காது. கேமராவில் பிழை என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகிற பல கேஸ்களில் குற்றவாளி போன்தான்.

"ஆப் தேடிக்கொண்டே இருக்கிறது, கேமரா கிடைக்கவே இல்லை"

முதல் சந்தேகம்: அந்தக் கேமராவால் முடியுமா? கேனான் 1200டி மாடலில் வைஃபையே இல்லை. 1300டி, 1500டி, 3000டி மூன்றிலும் வைஃபை உண்டு, புளூடூத் கிடையாது. ஆகவே இவற்றை ஒவ்வொரு முறையும் வைஃபையில் கையால் சேர்த்தாக வேண்டும், தானாகச் சேராது. 200டி மாடலில் இரண்டும் உண்டு. நிக்கானில் குழப்பம் இன்னும் அதிகம். டி5600 மாடலில் இரண்டும் உண்டு. டி3400 மாடலில் புளூடூத் மட்டும், அதுவும் படம் அனுப்ப மட்டும்தான், போனிலிருந்து ஷட்டரை அழுத்த முடியாது. டி3500 மாடலிலும் புளூடூத் மட்டும், ஆனால் ஷட்டரை அழுத்தலாம், லைவ் வியூ வராது. செகண்ட் ஹேண்டில் டி3400 வாங்கிவிட்டு லைவ் வியூ எங்கே என்று மெனு மெனுவாகத் தேடிப் பயனில்லை.

இரண்டாவது சந்தேகம்: சரியான ஆப்தானா? கேனானுக்குக் கேமரா கனெக்ட் ஒன்றுதான், அதில் சிக்கல் இல்லை. நிக்கானின் புதிய மாடல்களுக்கு ஸ்னாப்பிரிட்ஜ். ஆனால் டி5300 போன்ற பழையவை ஸ்னாப்பிரிட்ஜுக்கு முந்தியவை, அவற்றுக்கு வயர்லெஸ் மொபைல் யுடிலிட்டி. ஃபியூஜியில் பழைய கேமரா ரிமோட், புதிய எக்ஸ்ஆப் என்று இரண்டு. பானசோனிக்கில் இமேஜ் ஆப், லூமிக்ஸ் சிங்க், லூமிக்ஸ் லேப் என்று மூன்று. சோனியில் இமேஜிங் எட்ஜ் மொபைல், கிரியேட்டர்ஸ் ஆப் என்று இரண்டு. தவறான ஆப் 'உங்கள் கேமராவுக்கு நான் இல்லை' என்று சொல்லாது, சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். மாடல் எண்ணைக் கம்பெனியின் ஆதரவுப் பக்கத்தில் போட்டுப் பார்த்து ஆப்பை இறக்குங்கள்.

மூன்றாவது, அனுமதிகள். ஆண்ட்ராய்டு 11 வரை உள்ள போன்களில் லொகேஷன் ஆன் ஆகி இருந்து, ஆப்புக்கு லொகேஷன் அனுமதியும் இருந்தால்தான் அருகிலுள்ள வைஃபை, புளூடூத் கருவிகளை ஆப் பார்க்க முடியும். கேமராவுக்கும் லொகேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் மறுத்துவிடுவார்கள். அருகில் என்ன வைஃபை இருக்கிறது என்று தெரிந்தால் ஆள் எங்கே நிற்கிறார் என்று கணக்கிட்டுவிடலாம், அதனால்தான் கூகுள் இரண்டையும் ஒரே பூட்டில் வைத்தது. ஆண்ட்ராய்டு 12 முதல் புளூடூத்துக்கும், 13 முதல் வைஃபைக்கும் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்தது, அதைக் கொடுக்க வேண்டும். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் 'லோக்கல் நெட்வொர்க்' என்று ஓர் அனுமதி உண்டு. முதல்முறை கேட்கும்போது 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால் அப்புறம் கேட்கவே கேட்காது. வைஃபை சேர்ந்துவிடும், ஆப்பில் மட்டும் கேமரா தெரியாது. செட்டிங்ஸில் ஆப்பின் பெயருக்குள் போய் லோக்கல் நெட்வொர்க்கை ஆன் செய்யுங்கள்.

இன்னொன்று. சில ஆப்கள் முதல்முறை திறக்கும்போது கணக்குத் தொடங்கச் சொல்லும், அதற்கு இணையம் வேண்டும். புளியரை தாண்டிக் கோட்டைவாசல் வளைவுகளில் ஏறிவிட்டால் பல இடங்களில் சிக்னலை நம்ப முடியாது. இறக்குவது, கணக்குத் தொடங்குவது, முதல் இணைப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

"கேமரா மெனுவில் வைஃபை மங்கலாக இருக்கிறது, தொடவே விடவில்லை"

இதைச் சட்டென்று முடித்துவிடலாம். வரிசையாகப் பாருங்கள். கேமராவில் ஏர்பிளேன் மோடு ஆன் ஆகி இருக்கிறதா? யுஎஸ்பி கேபிளோ எச்டிஎம்ஐ கேபிளோ செருகி இருக்கிறதா? மெமரி கார்டு இல்லாமல் இருக்கிறதா? பேட்டரி கடைசிக் கட்டத்தில் இருக்கிறதா? இன்டர்வல் டைமரோ (குறித்த இடைவெளியில் தானாகப் படம் எடுப்பது) மல்டிபிள் எக்ஸ்போஷரோ (ஒரே படத்தில் பல காட்சியை அடுக்குவது) ஓடுகிறதா? இவற்றில் எதுவாக இருந்தாலும் பல மாடல்கள் வைஃபையைப் பூட்டிவிடும். சோனியில் கூடுதலாக ஒன்று: கணினியிலிருந்து இயக்கும் 'பிசி ரிமோட்' ஆன் ஆகி இருந்தால் போனிலிருந்து இயக்கும் 'கண்ட்ரோல் வித் ஸ்மார்ட்போன்' வேலை செய்யாது. ஸ்டூடியோவில் லேப்டாப்போடு கட்டி எடுத்துவிட்டு அப்படியே வெளியூருக்குக் கொண்டுபோகும் கேமராவில் இது அடிக்கடி நடக்கும்.

"மலையில் நன்றாக வேலை செய்தது, ஊருக்குள் வந்ததும் படுத்துவிட்டது"

வைஃபை சேர்கிறது. ஐந்தாறு நொடி லைவ் வியூகூட வருகிறது. பிறகு அறுந்துவிடுகிறது. அல்லது வைஃபை சேர்ந்த மாதிரி காட்டினாலும் ஆப் 'கேமரா இல்லை' என்கிறது. ஆரியங்காவு பக்கம் காட்டுக்குள் எந்தத் தொல்லையும் தராத அதே போன், தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் மக்கர் செய்கிறது. நல்ல சிக்னல் இருக்கிற ஊரில்தானே நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று தோன்றும். நேர்மாறு.

எந்த வைஃபையில் சேர்ந்தாலும் போன் உடனே தன் கம்பெனி சர்வரை ஒருமுறை தட்டிப் பார்க்கும். பதில் வராவிட்டால் 'இங்கே இணையம் இல்லை' என்று முடிவு கட்டும். மொபைல் டேட்டா உயிரோடு இருந்தால் அங்கே தாவிவிடும். காட்டில் தாவுவதற்குக் கிளை இல்லை, கேமராவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரில் 5ஜி முழுக்கம்பி, உடனே தாவிவிட்டது.

சரிசெய்யும் வரிசை இது:

1. மொபைல் டேட்டாவை அணையுங்கள். ஏர்பிளேன் மோடில் போட்டு வைஃபையையும் புளூடூத்தையும் மட்டும் மறுபடி ஆன் செய்வது இன்னும் உறுதி. கல்யாண ஆர்டர் நடக்கும்போது போன் கால் வர வேண்டும் என்றால் டேட்டாவை மட்டும் அணைத்தால் போதும். இரண்டு சிம் உள்ள போனில் ஒன்றை அணைத்தால் மற்றொன்றுக்கு மாறும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. கேமராவின் வைஃபையில் சேர்ந்ததும் 'இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை, தொடரவா?' என்று ஆண்ட்ராய்டு கேட்கும். அந்தக் கேள்வி சில போன்களில் திரையில் வராது, மேலிருந்து இழுக்கும் நோட்டிஃபிகேஷனில் ஒளிந்திருக்கும். இழுத்துப் பார்த்து 'ஆம்' சொல்லுங்கள், 'மறுபடி கேட்காதே' என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். ஒருமுறை 'இல்லை' என்று தட்டியிருந்தால் அந்த வைஃபை பெயரை 'மறந்துவிடு' கொடுத்து நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

3. வைஃபை செட்டிங்ஸில் 'மொபைல் டேட்டாவுக்கு மாறு', 'வைஃபை அசிஸ்டெண்ட்', 'அடாப்டிவ் கனெக்டிவிட்டி' என்று போனுக்குப் போன் வெவ்வேறு பெயரில் ஒரு வசதி இருக்கும். அதை அணையுங்கள்.

4. விபிஎன், விளம்பரம் தடுக்கும் ஆப், பிரைவேட் டிஎன்எஸ் எதுவும் ஓடக் கூடாது. இவை கேமராவுக்குப் போகிற கட்டளையையும் வெளியே அனுப்பப் பார்க்கும்.

5. வீட்டில் சோதிக்கும்போது மட்டும் அறுகிறது என்றால், போன் வீட்டு வைஃபைக்கு ஓடுகிறது. வீட்டு வைஃபையில் 'தானாகச் சேர்' என்பதைத் தற்காலிகமாக அணையுங்கள்.

6. திரை அணைந்தால் அறுகிறது என்றால் பேட்டரி சேமிப்பு. ஆப்பின் பேட்டரி அமைப்பை 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள், திரை அணையும் நேரத்தை 10 நிமிடமாக்குங்கள். ஐபோனில் ஆப்பை விட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டு வந்தாலே லைவ் வியூ நின்றுவிடும், அது கோளாறு இல்லை, அதன் இயல்பு.

"பாஸ்வேர்டு தப்பு என்கிறது, க்யூஆர் ஸ்கேன் ஆகவில்லை"

வெயிலில் கேமராத் திரையில் இருக்கும் க்யூஆர் குறியீட்டைப் போன் படிக்காமல் திணறும். நிழலாக ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு ஸ்கேன் செய்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். சோனியில் க்யூஆர் தெரியும்போது குப்பைத்தொட்டிப் பொத்தானை அழுத்தினால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் எழுத்தாகவே வரும், கையால் தட்டலாம். பெரிய எழுத்து ஓ, பூஜ்யம் இரண்டுக்கும் வித்தியாசம் பார்த்துத் தட்டுங்கள். பாஸ்வேர்டை ரீசெட் செய்தால் பழைய பெயரைப் போனில் நீக்கியாக வேண்டும். இல்லையென்றால் போன் பழைய சாவியையே போட்டுப் போட்டுத் தோற்கும்.

"நேற்று வரை தானாகச் சேர்ந்தது, இன்று புளூடூத் ஜோடி உடைந்துவிட்டது"

போனை மாற்றினாலோ, சாப்ட்வேர் அப்டேட் ஆனாலோ, கேமராவை ரீசெட் செய்தாலோ இது வரும். ஜோடி சேரும்போது இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சாவி வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கத்தில் சாவி தொலைந்து மறுபக்கத்தில் பழையது கிடந்தால் அடையாளம் ஒத்துப்போகாது. ஒரு பக்கம் மட்டும் அழித்தால் தீராது. போனின் புளூடூத் பட்டியலில் 'அன்பேர்', ஆப்புக்குள் கேமராவின் பெயரை நீக்கம், கேமரா மெனுவில் ஜோடி சேர்ந்த கருவிகளின் பட்டியலில் போனை நீக்கம். மூன்று இடத்திலும் துடைத்துவிட்டு, போனையும் கேமராவையும் ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு, ஆப்புக்குள்ளிருந்தே புதிதாகத் தொடங்குங்கள்.

'ஆப்புக்குள்ளிருந்தே' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெட்செட்டைச் சேர்ப்பது மாதிரி போனின் புளூடூத் பக்கத்துக்குப் போய் நிக்கான் பெயரைத் தட்டினால் ஸ்னாப்பிரிட்ஜ் குழம்பிவிடும். கேமராவில் 'கனெக்ட் டு ஸ்மார்ட் டிவைஸ்', அதில் 'ஸ்டார்ட்', பிறகு ஆப்பில் கேமரா பெயர். இரண்டு திரையிலும் ஒரே எண் வரும். ஒத்துப் பார்த்து இரண்டு பக்கமும் ஓகே. ஒரு பக்கம் தட்டிவிட்டு மறுபக்கத்தை மறந்தால் சற்று நேரத்தில் காலாவதியாகிவிடும்.

ஸ்டூடியோக்களில் இன்னொரு விஷயம். ஒரே கேமராவை அண்ணன் போனிலும் தம்பி போனிலும் சேர்த்து வைத்திருப்பார்கள். தம்பி பக்கத்து அறையில் ஆப்பைத் திறந்து வைத்திருந்தால் அண்ணனுக்குக் கேமரா கிடைக்காது. ஒரு நேரத்தில் ஒரு போன்தான்.

"நாலடி தள்ளினால் லைவ் வியூ திக்கித் திணறுகிறது"

கேனான் 1500டி ரகத்துக்குச் சுமார் 15 மீட்டர், நிக்கானுக்குச் சுமார் 10 மீட்டர் என்று கம்பெனியே சொல்கிறது. அதுவும் நடுவில் எதுவும் இல்லாத வெட்டவெளியில். அந்த எண்ணை நம்பித் தோட்டத்துக்குள் போனால் ஆறு மீட்டரிலேயே படம் கட்டம் கட்டமாக உடையும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். சாறு நிறைந்த செடியும் அப்படியே. சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி மாதத்துச் சூரியகாந்தி இடுப்புக்கு மேல் நிற்கும், இலை ஒவ்வொன்றும் கையகலம், காலையில் பனியோ சாரலோ பட்டு நனைந்திருக்கும். பூவின் முகத்துக்கு நேராக இருக்கட்டும் என்று கேமராவை மூன்றடி உயரத்தில் வைத்துவிட்டு வரப்பில் போய் நின்றால், கேமராவுக்கும் போனுக்கும் நடுவே நிற்பது இலைச்சுவர். அங்கே செய்ய வேண்டியது இரண்டுதான். பாத்திக்கு நேராக, வரிசைகளின் இடைவெளி கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் நில்லுங்கள், குறுக்கே நிற்காதீர்கள். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள். கேமராவை ஓரடி உயர்த்த முடிந்தால் அது இரண்டையும்விட மேல். நீங்கள் கேமராவுக்கு முதுகு காட்டி நின்று போனை நெஞ்சருகே வைத்திருந்தாலும் உங்கள் உடம்பே தடைதான். திரும்பி நில்லுங்கள்.

தரையோடு தரையாக வைத்த கேமராவுக்கும் தூரம் குறையும். அலை போகும் பாதைக்குத் தரையே இடைஞ்சல். தவளை, ஓணான் எடுக்கிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருவது கோப்ரோ, தண்ணீருக்குள்ளும் எடுக்கும் குட்டிக் கேமரா. அருவிக் குட்டையில் முக்கி வைத்துவிட்டுக் கரையில் போனைப் பார்த்து ஆப் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். முங்கிய கேமராவிலிருந்து வைஃபையும் வராது, புளூடூத்தும் வராது. கரையிலேயே ரெக்கார்டிங்கை ஆன் செய்துவிட்டு முக்குவதுதான் வழி.

மண்டபத்தில் கதை வேறு. அங்கே தண்ணீர் இல்லை, நெரிசல். ஐந்நூறு போன், மண்டபத்து ரவுட்டர், வயர்லெஸ் மைக்கில் சில ரகம், எல்லாம் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதும். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு ஆளில்லாத மண்டபத்தில் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று தூங்கப் போகாதீர்கள், கூட்டம் வந்தபின்தான் உண்மை தெரியும். கேமராவில் 5 கிகாஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். கேனானில் கேமராவின் வைஃபையை 'ஈசி கனெக்ஷன்' இல்லாமல் 'மேனுவல் கனெக்ஷன்' வழியாக அமைத்தால் சேனலை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மண்டபத்து ரவுட்டர் எந்தச் சேனலில் இருக்கிறது என்று இலவச வைஃபை அனலைசர் ஆப் ஒன்றில் பார்த்துவிட்டு எதிர்முனையைப் பிடியுங்கள். கேமராவை எல்இடி சுவருக்குப் பின்னாலோ விளக்குகள் தொங்கும் இரும்புச் சட்டத்துக்குள்ளோ (டிரஸ்) கட்டாதீர்கள்.

"லைவ் வியூ தெரிகிறது, பொத்தானை அழுத்தினால் ஷட்டர் விழவில்லை"

பத்தில் ஏழு தடவை காரணம் ஃபோகஸ். ஆட்டோ ஃபோகஸில் இருக்கும்போது ஃபோகஸ் பிடிக்காமல் கேமரா ஷட்டரை விடாது. 1500டி, டி5600 போன்ற டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடி வைத்த ரகம்) லைவ் வியூ ஃபோகஸ் மிக மெதுவானது, முன்னும் பின்னும் நகர்ந்து தேடித்தான் பிடிக்கும். புகை மாதிரி சாரல் பறக்கும் அருவி, அந்திக் கருக்கல், வெள்ளைச் சுவர் முன் தேடிக்கொண்டே இருக்கும். கையால் ஒருமுறை சரியாக ஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸில் உள்ள சுவிட்சை எம்எஃப் (கையால் ஃபோகஸ்) பக்கம் தள்ளிவிடுங்கள். அதன்பின் பொத்தானைத் தொட்டதும் விழும்.

மீதி மூன்றுக்கு: கார்டு நிரம்பியிருக்கலாம், கார்டின் பூட்டு கீழே இறங்கியிருக்கலாம், கேமரா மெனுத் திரையில் நின்றிருக்கலாம், ஆப் வீடியோ மோடில் இருக்கலாம்.

அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எண்கள் ஆப்பில் மங்கலாக இருந்தால் மேல் டயல் பச்சை ஆட்டோவில் இருக்கிறது. சுழற்றும் டயலைப் போனால் சுழற்ற முடியாது. கேமராவை உயரத்தில் கட்டுவதற்கு முன்பே எம் நிலைக்கு (எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல்) மாற்றிவிடுங்கள். ஏணி மேல் நிற்கும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது, இறங்கியபின் வருவதுதான் வழக்கம்.

"ரயில் பாலத்தைத் தாண்டிய பிறகு படம் விழுகிறது"

இது பிழை இல்லை, தாமதம். போன் திரையில் தெரிவது கேமரா சற்று முன் பார்த்த காட்சி. நீங்கள் தட்டியதும் கட்டளை போய்ச் சேரவும், டிஎஸ்எல்ஆர் லைவ் வியூவிலிருந்து கண்ணாடியை இறக்கி ஏற்றவும் இன்னும் நேரம். உங்கள் ஜோடிக்கு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். இன்னொரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுக் கேமராவை அதன்மேல் குறி வையுங்கள். ஸ்டாப்வாட்சை நேராகப் பார்த்து 10.00 வரும்போது ஆப்பில் தட்டுங்கள். எடுத்த படத்தில் 10.70 இருந்தால் தாமதம் 0.7 நொடி. ஐந்து முறை செய்து சராசரி பாருங்கள். லைவ் வியூவை நம்பித் தட்டினால் அதன் பின்தங்கலும் சேரும் என்பதால் களத்தில் கண்ணால் ரயிலைப் பாருங்கள், திரையைப் பார்க்காதீர்கள்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் நொடிக்கு 8.3 மீட்டர் நகரும். 0.7 நொடியில் சுமார் 5.8 மீட்டர், அதாவது ஒரு பெட்டியில் கால்வாசி. என்ஜின் முகம் குறிப்பிட்ட தூணுக்கு நேராக வர வேண்டும் என்றால் அந்தக் கால்வாசிக்கு முன்பே தட்டுங்கள். கேமராவின் டிரைவ் மோடைத் தொடர் ஷாட்டுக்கு மாற்றி, எம்எஃப், எம் டயல், ஷட்டர் 1/500 என்று எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிட்டால் தாமதம் ஓரளவு நிலையாக இருக்கும். ஆட்டோ ஃபோகஸை விட்டுவைத்தால் ஒவ்வொரு முறையும் மாறும், கணக்கு உதவாது.

செங்கோட்டை - புனலூர் பாதை மீட்டர் கேஜாக 1904இல் திறக்கப்பட்டு, அகலப்பாதைக்காக 2010இல் மூடப்பட்டு, 2018இல் மறுபடி ஓடத் தொடங்கியது. நாளுக்குச் சில வண்டிகள்தான், ஒன்றைத் தவற விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் போனை மட்டும் நம்பாமல், வண்டிச் சத்தம் கேட்டதும் கேமராவின் இன்டர்வல் டைமரை ஒரு நொடிக்கு ஒன்று என்று ஓடவிடுவதும் ஒரு வழி. பாலம் தேசிய நெடுஞ்சாலை 744இன் ஓரத்திலேயே தெரிகிறது. தண்டவாளத்தில் ஏறிக் கேமரா வைக்கும் வேலையே வேண்டாம். ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அத்துமீறல் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

"அருவியை எடுத்ததும் ஆப் உறைந்துவிடுகிறது"

20 நொடி எக்ஸ்போஷர் முடிந்தது, அதற்கு மேல் 20 நொடி எதுவும் நகரவில்லை. கேமராவை அணைத்துவிடாதீர்கள். 'லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்' ஆன் ஆகி இருக்கிறது. ஷட்டரை மூடிக்கொண்டு அதே அளவு நேரத்துக்கு இன்னொரு கறுப்புப் படம் எடுத்து, முதல் படத்தின் புள்ளிகளைக் கழிக்கிறது. பகல் அருவிக்கு அது தேவையில்லை, மெனுவில் அணைத்துவிடுங்கள்.

நீர் பட்டுத்துணி மாதிரி விழ அரை நொடியிலிருந்து 2 நொடி போதும். ஃபில்டர் இல்லாமல் 1/30 காட்டினால் என்டி64 (வெளிச்சத்தை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர்) போட்டதும் சுமார் 2 நொடியாகும். நாம் மூடும்வரை ஷட்டர் திறந்தே கிடக்கும் பல்ப் மோடுக்கு அவசியமே இல்லை. பல்ப் மோடில் போனால் தொடங்கிவிட்டு நடுவில் இணைப்பு அறுந்தால் ஷட்டரை மூடக் கேமராவிடமே ஓட வேண்டியிருக்கும். 30 நொடிக்குள் அடங்கும் எதையும் எம் டயலில் நேரம் குறித்தே எடுங்கள். ஸ்டாண்டில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) அணையுங்கள். கணவாய்க் காற்று தள்ளும் நாட்களில் ஸ்டாண்டின் நடுத்தண்டை ஏற்றாமல் பையைக் கொக்கியில் தொங்கவிடுங்கள்.

போன் திரை நனைந்திருந்தால் தானாகவே எங்கேயாவது தொட்டுக்கொண்டு ஃபோகஸை மாற்றிவிடும். ஆப்பில் 'டச் ஏஎஃப்' (தொட்ட இடத்தில் ஃபோகஸ்) இருந்தால் அணையுங்கள், அல்லது ஒலியளவுப் பொத்தானை ஷட்டராக ஏற்கும் ஆப் என்றால் அதைப் பயன்படுத்துங்கள். லைவ் வியூ மங்கலாக இருந்தால் ஆப்பைக் குறை சொல்லும் முன் லென்ஸைத் துடையுங்கள்.

"போனுக்கு வந்த படம் சின்னதாக இருக்கிறது"

ஸ்னாப்பிரிட்ஜ் தானாக அனுப்புவது 2 மெகாபிக்சல் நகல். சோனியின் இமேஜிங் எட்ஜிலும் 'காப்பி இமேஜ் சைஸ்' என்ற இடத்தில் 2எம் என்று இருந்தால் அதே கதி, 'ஒரிஜினல்' ஆக்குங்கள். முழு அளவுப் படம் எப்போதும் கார்டில் பத்திரமாக இருக்கும். ரா ஃபைலை (கேமரா பதிந்த சுருக்காத மூலத் தரவு) பல பழைய மாடல்கள் போனுக்குக் கொடுப்பதில்லை, ரா கூடவே ஜேபெக் என்று சேர்த்து எடுத்தால் தொல்லை இல்லை. ஆல்பத்துக்குக் கார்டிலிருந்து கார்டு ரீடரில் எடுங்கள், வைஃபையில் நூறு படம் இறக்குவது காலவிரயம்.

"பையில் கிடந்த கேமராவில் காலையில் பேட்டரி காலி"

நிக்கானில் புளூடூத் மெனுவில் 'சென்ட் வைல் ஆஃப்' ஆன் ஆகி இருந்தால், கேமராவை அணைத்த பிறகும் போனுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கும். அதை அணையுங்கள். சில சோனி மாடல்களிலும் அணைத்தபின் இணைந்திருக்கும் தேர்வு உண்டு. லைவ் வியூவும் வைஃபையும் சேர்ந்து ஓடினால் பேட்டரி வேகமாக இறங்கும். 1500டியின் எல்பி-இ10 வெறும் 860 மில்லிஆம்பியர் அவர்தான், சோனி ஏ6400இன் என்பி-எஃப்டபிள்யூ50 1020. ரயிலுக்குக் காத்திருக்கும்போது லைவ் வியூவை ஓடவிட்டே உட்காராதீர்கள். ஃபிரேமை அமைத்ததும் ஆப்பிலிருந்து வெளியே வந்துவிட்டு, வண்டி வருவதற்குப் பத்து நிமிடம் முன் மறுபடி சேருங்கள். ஆளுக்கொரு கூடுதல் பேட்டரி பையில் இருக்கட்டும்.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால்

டி5600 வைத்திருந்து, கையில் இருப்பது இன்ஃப்ராரெட் ஊதும் போன் என்றால் (டிவி, ஏசியை இயக்கும் சின்னக் கறுப்புக் கண் போனின் மேல் விளிம்பில் இருக்கும்), நிக்கான் எம்எல்-எல்3 ரிமோட்டைப் போலவே நடிக்கும் ஆப்கள் உண்டு. டி3400க்கும் பொருந்தும். வைஃபை, புளூடூத் எதுவும் வேண்டாம். டிரைவ் மோடை ரிமோட்டுக்கு மாற்றிவிட்டுக் கேமராவின் கண்ணுக்கு நேராகச் சில மீட்டருக்குள் நிற்க வேண்டும், வெயிலில் தூரம் இன்னும் குறையும். டி3500இல் அந்தக் கண்ணையும் எடுத்துவிட்டார்கள், ஒயர் ரிமோட் செருகவும் துளை இல்லை, அதற்கு ஆப்பும் செல்ஃப் டைமரும்தான் கதி. 1500டிக்கு ஆர்எஸ்-60இ3, டி5600க்கு எம்சி-டிசி2 ஒயர் ரிமோட். இதே துளையில் பொருந்தும் வேறு கம்பெனி ஒயர்களும் மலிவாகக் கிடைக்கும். முகூர்த்த வேலைக்குப் போகும்போது போன் சேர்ந்திருந்தாலும் ஒயரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், செல்ஃப் டைமர் எந்த மெனுவில் இருக்கிறது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.